துரைக்கு வழிவிடாத பென்ஸ்

பதுளையில் பென்ஸ் நானாவிடம் மணி கேட்டவர் எவரும் மணி தெரிந்து திரும்பியதில்லை. ஜேர்மன்காரன் எஸ் கிளாஸ் பென்ஸ் செய்த கதையைத்தான் முழுசாகத் தெரிந்துகொண்டு திரும்பினார்கள்.

பஸார் வீதியில் அவருக்கு வாகன உதிரிப்பாகக் கடை. வாசலில் அவருடைய பழைய எஸ் கிளாஸ் கறுப்பாகப் பளபளக்கும். பல்பு வாங்கப் போனால் பிடித்துக்கொள்வார்.

"எஸ்னா என்னா? சோண்டர்! விசேஷம்னு அர்த்தம். எழுபத்திரண்டுல மொத மொடல். வழுக்காத பிரேக் அதுல வந்திச்சு. அடுத்தது நம்ம புள்ள, இந்தா நிக்குது. எயார்பேக் வந்ததே இந்த மொடல்லதான். அதுக்கு அடுத்ததுல கண்ணாடியே ரெட்டைக் கண்ணாடி!"

பல்பை மறந்துவிட்டு வீட்டுக்குப் போவோம்.

நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயம், தொழிலாளர் வரிசை வீடு. தங்கை செல்விக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அவள் நகையும் கேட்கவில்லை, பட்டும் கேட்கவில்லை.

"அண்ணே, தொரை ஜீப்பு வந்தா எத்தன தடவ ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள்ள எறங்கி நின்னிருப்பேன்! ஒரே ஒரு நாளு அந்த ரோட்டுல பெரிய கார்ல உக்காந்து போகணும்."

நானா காரை யாருக்கும் கொடுக்காதவர். செல்வி சொன்னதை நான் சொன்னதும் எயார்பேக்கோடு சரித்திரத்தை நிறுத்திவிட்டு, "முகூர்த்தம் எத்தன மணிக்கு?" என்றார். அவர் பாதியில் நிறுத்தி அன்றுதான் பார்த்தேன்.

கல்யாணத்தன்று அம்மா காரின் நட்சத்திரச் சின்னத்துக்குப் பொட்டு வைத்தாள். "கொஞ்சம் நடுவுல வைங்கம்மா" என்றார் நானா. டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுங்க, கோயிலுக்குப் புறப்பட்டோம்.

கொழுந்து நிறுக்கும் மடுவத்து வளைவில் எதிரே, தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் ஜீப்! ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய ரோடு. துரை வந்தால் எதிரே வருகிறவர் பின்னால் போவதுதான் தோட்டத்து வழக்கம். ஜீப் ஹோர்ன் அடித்தது. செல்வியின் கை கதவுப் பிடிக்குப் போய்விட்டது.

"நீங்க உக்காருங்க தங்கச்சி" என்று நானா இறங்கினார்.

"சேர், எஸ்னா என்னான்னு தெரியுமா?"

எழுபத்திரண்டிலிருந்து ஆரம்பித்துவிட்டார்! "இந்தக் கார் யாருக்கும் பின்னுக்குப் போனதா சரித்திரமே இல்ல சேர்!" பிரேக் வரைக்கும் துரை முறைத்தார். எயார்பேக்கில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரெட்டைக் கண்ணாடிக்கு நானா வாயெடுத்ததும் ஜீப் விறுவிறுவென்று பின்னால் போனது!

மலையில் கொழுந்து பறித்தவர்கள் கூவினார்கள். செல்வி கண்ணாடியை இறக்கிக் கையாட்டினாள். சந்தோஷத்தில் நானும் கத்திவிட்டேன்.

தாலி கட்டி முடிந்து, எங்களோடு வந்திருந்த அத்தையை லயத்தில் விட நானாவும் நானும் திரும்பினோம். அதே வளைவில் கொழுந்து லொறி வந்தது. மேலே சாக்குகளோடு நாலைந்து பெண்கள். நானா தானாகவே ரிவர்ஸ் போட்டு, ரோடு அகலும் இடம் வரைக்கும் பின்னாலேயே போனார்.

"நானா, சரித்திரமே இல்லன்னீங்களே?"

"அது தொரைக்குச் சொன்ன சரித்திரம் தம்பி."

இப்போதெல்லாம் பஸார் பக்கம் போனால், கையில் கடிகாரம் இருந்தாலும் நானே போய்க் கேட்கிறேன்: "நானா, மணி என்னா?"