கோபுரத்துக்குத் தையல் விட்ட கதை

தெரியாத வேலையை ஆள் வைத்து முடித்துவிடலாம் என்ற நம்பிக்கை திருப்பூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் அதிகம். எனக்கு அது ரத்தத்திலேயே ஊறியது. மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான். ஆனால் செல்போன் ஊருக்குள் வந்த புதிதில் நான் ஒரு பனியன் கம்பெனிக்கு முதலாளியம்மா. (எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். மிரட்டுவதற்கு எழுத்து எதற்கு?)

என் மருமகள் கவிதா, கல்யாணத்துக்குப் பிறகு பத்தாவது எழுத டுடோரியலில் சேர்ந்திருந்தாள். அங்கே மாஸ்டர் கறாரானவர். திங்கட்கிழமை கணக்கும் தமிழும் வீட்டுப்பாடம் எழுதி வராதவர்களைப் பரீட்சைக்கு அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டார். இவளோ அண்ணன் மகன் காதுகுத்துக்கு ஊத்துக்குளி போன இடத்திலிருந்து, ஞாயிறு காலையில் போன் செய்தாள்.

“கேள்வித்தாளை ஊட்லயே வெச்சுட்டு வந்துட்டனுங்க அத்தை. நாளைக்கு இங்கிருந்து நேரா கிளாசுக்குத்தான் போகோணும். இந்த வருசமே போச்சுங்க.”

“அழுவாத கண்ணு. நீ சீரை நல்லபடியா முடி. நானே எழுதி எடுத்துட்டு வர்றேன்.”

“நீங்களா?”

அந்த ‘நீங்களா’தான் என்னைக் கிளப்பிவிட்டது.

ஒரு பனியனை ஒரே ஆளா தைக்கிறார்? கழுத்துக்கு ஒருவர், கைக்கு ஒருவர், அடி மடிக்க ஒருவர். அதே முறையில் கம்பெனி ஆட்களை வரவழைத்து உட்காரவைத்தேன். கட்டிங் மாஸ்டர் கேள்வித்தாளைக் கேள்வி கேள்வியாக நறுக்கினார். ஒரு கணக்குக்கு நாலு பேர் என்று பிரித்துவிட்டேன்.

“ஏனுங்கம்மா, முன்னாடி இருக்கறவங்க என்ன எழுதுனாங்கன்னு பாக்காம நான் எப்புடி மிச்சத்தப் போடறது?” என்று டெய்லர் செல்வி கேட்டாள்.

“கை வெக்கறவ கழுத்தப் பாத்துட்டா உக்காந்திருக்கறா? பேசாம போடு புள்ள.”

இலக்கியத்தை மட்டும் நானே எடுத்துக்கொண்டேன். அந்தக் காலத்துப் புலவர்கள் கடவுளையும் அரசனையும் குழந்தையாக வைத்துப் பிள்ளைத்தமிழ் என்று பாடினார்களாம். அதன் பத்துப் பருவங்களை எழுத வேண்டும். மூன்று பிள்ளை பெற்றவளிடமா கேட்கிறார்கள்? நான் சொல்லச் சொல்ல செல்வி எழுதினாள்: குப்புற விழும் பருவம், வசம்பு உரசும் பருவம், கண்டதை வாயில் போடும் பருவம், விருந்தாளி மடியில் மூத்திரம் போகும் பருவம்... (இது அரசனுக்குப் பொருந்துமா என்று செல்வி கேட்டாள். அரசனும் பிள்ளையாகத்தானே பிறந்தான்?)

எழுதிய தாள்களை ஓவர்லாக் மிஷினில் கொடுத்து ஒன்றாகத் தைத்தோம். அந்த மிஷின் ஓரத்தை நறுக்கிக்கொண்டே தைக்கும். வரிக்கு வரி கடைசி எழுத்து குப்பைக்குப் போனது. செக்கிங் பெண்கள் வழக்கம்போலப் பழுது தெரிந்த இடத்தில் எல்லாம் சிவப்பு அம்புக்குறி ஒட்டினார்கள். தாள் முழுக்கச் சிவப்பு. பாலிதீன் கவரில் போட்டு, திங்கட்கிழமை கிளாசில் மாஸ்டரிடம் நானே நீட்டினேன்.

அவர் பிரித்து உரக்கப் படித்தார். “கோபுரத்தின் உயரம் முப்பத்தி நாலு இன்ச். தையலுக்கு அரை இன்ச் சேர்த்துக்கொள்ளவும். தொட்டியின் கொள்ளளவு நாப்பது டஜன். யாருங்க இதை எழுதுனது?”

“எங்க கம்பெனிங்க” என்றேன், தலை நிமிர்ந்து.

கிளாசே சிரித்தது. கவிதா மட்டும் சிரிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் நான் மாஸ்டரிடம் திரும்பினேன்.

“அவளுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க. கேள்வித்தாளு எங்கிட்டத்தான் இருந்துச்சுங்க. வேணும்னா என்னையப் பரீட்சைக்கு அனுப்பாதீங்க.”

மாஸ்டர் சாக்பீஸைக் கவிதாவிடம் நீட்டினார். அவள் பலகைக்குப் போனாள். கோபுரம் மீட்டரில் எழுந்தது. பருவங்களும் காப்பு, செங்கீரை என்று பலகையில் வரிசையாக இறங்கின. என் பருவம் ஒன்றுகூட அதில் இல்லை.

“நீங்க பரீட்சை எழுதுங்க” என்றார் அவளிடம். “ஒண்ணு மட்டும். இனிப் புஸ்தகத்தைத் தொறக்கறதுக்கு முன்னால உங்க அத்தைக்கு ஏதாச்சும் வேலை குடுத்துருங்க.”

அன்று பிடித்த வழக்கம்தான். இன்றுவரை எங்கள் வீட்டில் யார் புத்தகத்தை எடுத்தாலும், இன்னொருவர் ஓடிவந்து என் மடியில் ஒரு முறம் மொச்சைக்காயை வைத்துவிடுகிறார். பத்தாவது, பன்னிரண்டாவது, அப்புறம் தபால் வழியில் பட்டம் என்று கவிதா போய்க்கொண்டே இருந்தாள்; நானும் உரித்துக்கொண்டே இருந்தேன். அவ்வளவு மொச்சை உரித்தும், பட்டத்தில் அவள் பெயரை மட்டும்தான் போட்டிருக்கிறார்கள்.