கூரை ஏறியது, ஆலோசகர் பஸ் ஏறினார்

செஞ்சி

அன்புள்ள மாப்பிள்ளை கோமதேஷ் அவர்களுக்கு, மாமனார் நேமிராஜ் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தை லீலாவதியும் நம் கோசாலையின் கிழட்டு மாடுகளும் சுகம். அங்கே உங்களையும் எங்கள் மகள் ஜினிஷாவையும் அருகன் நலமாக வைத்திருக்கட்டும்.

புயலில் கோசாலைக் கூரை பறந்ததும், நன்கொடை திரட்டித் தர ரங்கநாதன் என்கிற ஆலோசகரைச் சென்னையிலிருந்து வரவழைத்தோம் அல்லவா? ஆடிட்டரான நீங்கள் அப்போதே போனில், ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள், வசூலில் பங்கு தராதீர்கள், கொடுப்பவர்களிடம் அவர் கூலியை மறைக்காதீர்கள் என்று சொன்னீர்கள். இங்கே டவர் கிடைக்காமல் பாதிதான் காதில் விழுந்தது.

வந்தவர் மாடுகளைப் பார்த்ததுமே முகம் சுளித்தார். "எல்லாம் கொழுகொழுன்னு இருக்கே சார், இதைப் பாத்து எவன் அழுவான்?" நேராக அவலூர்பேட்டை ரோட்டுக்குப் போய், யாரோ கட்டியிருந்த எலும்பும் தோலுமான மாட்டை வீடியோ எடுத்து, சோக இசை சேர்த்து, 'பட்டினியில் சாகும் நம் கோசாலைப் பசு' என்று வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டார். மறுநாளே மாட்டுக்காரி மீனம்பாள் மாட்டை இழுத்துக்கொண்டு வந்து நிற்கிறார். "எவன்யா எம்மாட்ட அநாதைன்னு போட்டது? அது ஒடம்புவாகே அப்படித்தான்! தீனி போடமாட்டியான்னு ஊரே என்னக் கேக்குது!" அவரிடம் நான் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, வீடியோவைப் பார்த்த விழுப்புரம் இரும்புக்கடைக்காரர் ஒருவர் போனில் வந்தார்.

"நான் நூறு ரூபா குடுத்தா மாட்டுக்கு எவ்ளோங்க சேரும்?"

ரங்கநாதன் வாயில் விரல் வைத்துக் காட்டுகிறார். மீனம்பாள் முறைக்கிறார். நானோ, "அறுபதுங்க. நாப்பது ஆலோசகருக்கு. அந்த மாடும் எங்களுது இல்லீங்க" என்று கொட்டிவிட்டேன். கூரை போச்சு என்றுதான் நினைத்தேன்.

எதிர்முனையில் சிரிப்பு. "நெசத்தச் சொல்லிட்டீங்க. பணம் வாணாம், நானே ஷீட்டு எடுத்தாந்து போட்டுட்டுப் போறேன்."

"உங்களை வச்சுக்கிட்டு தொழில் பண்ண முடியாது சார்" என்று, வீடியோவை அழித்துவிட்டு ரங்கநாதன் பஸ் ஏறிவிட்டார். நேற்று கூரையும் ஏறியது. மழையும் வந்தது. மாடுகள் நனையாமல் படுத்து அசைபோட்டதைப் பார்த்தபிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. இனி ஆலோசகர் சகவாசமே கிடையாது மாப்பிள்ளை. எங்களால் உங்களுக்கும் தொந்தரவு இல்லை.

இருவரும் குறைவில்லாமல் வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
நேமிராஜ்

பி.கு.: கவரை ஒட்டும்போது உங்கள் அத்தை கோசாலைக் கமிட்டிக் கூட்டம் முடிந்து வந்தாள். தீவனத்துக்கு வசூல் செய்ய ஆலோசகர் இல்லாமல் ஆகாதாம். எழுத்தில் ஒப்பந்தம் உண்டு, பங்கு கிடையாது. சம்பளமும் கிடையாது. உங்களை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஜினிஷாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், எனக்குப் பயமாக இருக்கிறது.