கம்பியில்லாமல் கட்டிப்போட்டது

மன்னார்க் கரையிலுள்ள அரிப்பு ஊரில் லப்டொப் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணினால் ஒரு விரலே போதும். அந்த ஒரு விரல் சாந்தரூபன். மீள்குடியேறிய சனத்துக்கு வீடு கட்டிக்கொடுக்கும் திட்டமொன்றில் அவருக்கு உத்தியோகம். கந்தோர் கொடுத்த லப்டொப்பும், அதன் விலாவில் செருகினால் இன்ரநெற் ஓடும் ஒரு டொங்கிளும் எந்நேரமும் அவருடைய தோள்பையில் கிடக்கும். ஞாயிறு பூசைக்கும் அந்தப் பையோடுதான் போவார்.

வீட்டிலிருந்த மற்றக் கொம்பியூட்டர் மனைவி ஜெனிற்றாவின் பொறுப்பு. கோயில் மாதர் சங்கம் கடிதங்கள் ரைப் பண்ணவென்று அவளிடம் ஒப்படைத்த பழைய மேசைக் கொம்பியூட்டர். போட்டால் நெல்லுக் குத்தும் மில் மாதிரிச் சத்தம். இன்ரநெற் மட்டும் இல்லை.

ஜெனிற்றாவுக்கு அதுதான் வேண்டியிருந்தது. சின்ன வயதில் குடும்பத்தோடு தமிழ்நாட்டுக்கு வள்ளமேறி, அங்கே முகாமில் வளர்ந்து, சண்டை முடிந்தபின் சித்தப்பாவோடு ஊர் திரும்பியவள் அவள். அதற்குப் பிறகுதான் இந்தக் கலியாணம். தாயும் தங்கச்சியும் இன்னும் முகாமிலேதான். தங்கச்சிக்கு ஆண்பிள்ளை பிறந்து தவழவும் தொடங்கிவிட்டது. பெரியம்மாக்காரி போனில் அதன் அழுகையைக் கேட்டிருக்கிறாளே தவிர முகத்தைக் கண்டதில்லை.

லப்டொப்பில் வருகிற லைனை மேசைக் கொம்பியூட்டருக்கும் கொடுக்க ஏலாதோ என்று ஒருநாள் கேட்டாள். ஏலவே ஏலாது என்றார் சாந்தரூபன். லைன் வாய்க்கால் தண்ணீர் போல, ரெண்டு வயலுக்குத் திறந்துவிட்டால் ரெண்டும் காயும் என்றார். டொங்கிள் சூடேறி ஒரு வீட்டின் கூரையே கிளம்பிப் போனது என்றார். அப்படியென்றால் லப்டொப்பிலேயே ஒருக்கால் பிள்ளையைப் பார்ப்போமே என்று அவள் கேட்டதற்கு, அது கந்தோர்ச் சாமான், பிறத்தியார் கை படக்கூடாது என்றார். ஜெனிற்றா "ஓமோ" என்றுவிட்டு மீன் வெட்டப் போனாள்.

உண்மைக் காரணம் வேறு. அவர்கள் வீட்டு ரீவியில் பின்னேரம் முழுக்க நாடகம். அதில் ஒரு மாமியார் அழத் தொடங்கினால் விளம்பரம் வந்தால்தான் நிறுத்துவாள். அதனால் சாந்தரூபன் றிப்போட் எழுதவேண்டும் என்று பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஒழுங்கையிலிருக்கும் டொமினிக் வீட்டுக்குப் போய்விடுவார். டொமினிக் வள்ள இஞ்சின் திருத்துகிறவர். இருவரும் லப்டொப்பில் கிரிக்கெட் பார்ப்பார்கள். பந்து வீச ஓடி வருகிறவன் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிடுவான். அவன் திரும்ப அசையும்போது அடிக்க நின்றவன் அவுட்டாகி வெளியே நடந்துகொண்டிருப்பான். என்ன பந்தில் போனான் என்று இருவரும் ஒரு பிளேன்ரீ குடித்து முடியுமட்டும் வாதாடுவார்கள். சாந்தரூபனுக்கு அது மோட்சம்.

ஜெனிற்றா அந்தக் கதையை விட்டுவிட்டாள். பிறகொருநாள் குழம்பு ஊற்றும்போது, மிகவும் பரிவாக, தன்மேல்தான் பிழை என்றாள். செய்யத் தெரியாத மனுசனிடம் கேட்டது பிழைதானே. டொமினிக் அண்ணையும் அப்படித்தான் சொன்னவராம், சாந்தனுக்கு அது சரிவராது என்று. மன்னார் ரவுணில் கொமினிக்கேசன் கடை வைத்திருக்கிற றிஸ்லானைக் கூப்பிட்டால் கண்மூடித் திறக்கமுன் செய்து தருவாராம்.

சாந்தரூபன் பிசைந்த சோற்றை அப்படியே விட்டார்.

"றிஸ்லானோ? அப்ப நான் என்னத்துக்கு இருக்கிறன்?"

சனிக்கிழமையே மன்னாருக்கு பஸ் ஏறினார். மேசைக் கொம்பியூட்டரில் செருகினால் அலையைப் பிடித்துத் தரும் நகமளவு துண்டொன்றை வாங்கினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவருக்கு ஒரு திட்டமும் பழுத்துவிட்டது. லைன் லப்டொப்பிலிருந்துதானே போகவேண்டும்? லப்டொப் பைக்குள். பை தோளில். தோள் டொமினிக் வீட்டில். பேரும் கிடைக்கும், மட்சும் கிடைக்கும். தனக்குத் தானே சிரித்தவரைப் பக்கத்துச் சீற்றுக்காரர் ஒருமாதிரிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து லப்டொப்பில் லைனைப் பகிரும் இடத்தைத் தேடிப் பிடித்தார். பேர் கொடுத்தார், கடவுச்சொல் கொடுத்தார், வேர்த்தார். ஒன்றும் வரவில்லை. ஜெனிற்றா பக்கத்தில் நின்று பேப்பரால் விசுக்கிக்கொண்டிருந்தாள். இடையில் ஒரேயொரு தரம், அந்தக் கீழ்க் கட்டத்தில் சரி போடாமல் விட்டிட்டியளோ என்று கேட்டாள். போட்டார். லைன் வந்தது. குருட்டுவாக்கில் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

சற்று நேரத்தில் மேசைக் கொம்பியூட்டரின் திரையில் ஒரு குண்டுப் பிள்ளை வந்து கமராவை நக்கியது. ஜெனிற்றா கையைத் திரையில் வைத்தபடி இருந்தாள். சாந்தரூபனுக்கே கண் கலங்கிவிட்டது. அந்தக் கலக்கத்தில், இனி ஒவ்வொரு பின்னேரமும் பார்க்கலாம் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

அடுத்த நாள் ஒழுங்கைக் கிழவர் யோசேப்பு அப்பு வந்தார். அவருடைய மகளும் தமிழ்நாட்டு முகாமில்தான். அவருக்குப் பின்னால் ஒழுங்கையே வந்தது. அக்கரையில் ஆளில்லாத வீடு அரிப்பில் குறைவு. கதிரை போதாமல், ஐந்தாறு பேர் இருக்கக்கூடிய நீட்டுக் கோயில் வாங்கைக் கொண்டுவந்து போட்டார்கள். மட்ச் தொடங்கும் நேரம் சாந்தரூபன் பையைத் திறந்து, சத்தமில்லாமல் டொங்கிளைக் கழற்றினார். யோசேப்பு அப்புவின் மகள் வாய் திறந்தபடி திரையில் உறைந்துபோனாள். முழு வாங்கும் திரும்பி அவரைப் பார்த்தது. கழற்றியதைத் திரும்பச் செருகினார்.

"தம்பிக்குப் புண்ணியம் கிடைக்கும்," என்றார் அப்பு.

சரி, லப்டொப் இருக்கட்டும், ஆள் போகலாமே என்று பிறகு சாந்தரூபன் யோசித்தார். டொமினிக்கிடம் றேடியோ இருந்தது, வர்ணனையாவது கேட்கலாம். ஆனால் செருப்பைப் போட்டு வாசல் படலையைத் தாண்டினால் போதும், உள்ளேயிருந்து ஜெனிற்றாவின் குரல் வரும், இஞ்சேருங்கோ, லைன் போயிட்டுது என்று. ஓடி வருவார். எதையோ தட்டுவார். லைன் வந்துவிடும். வாங்கிலிருந்தவர்கள் அவருடைய கைராசியைப் புகழ்வார்கள். வெளிக்கிடுவார், திரும்பவும் போய்விடும். கம்பியில்லாத இணைப்பென்று பேர், ஆனால் அவரால் கம்பி நீட்டவே முடியவில்லை. தன் உடம்பில் ஏதோ காந்தம் இருக்கிறதென்று ஒரு கட்டத்தில் நம்பத் தொடங்கி, கந்தோரில் இரண்டு பேருக்குச் சொல்லியும் விட்டார்.

ஒரு பின்னேரம் படலைவரை போனவர், போனை மேசையில் விட்டது ஞாபகம் வந்து, பின்பக்கத்துக் குசினி வாசலால் உள்ளே வந்தார். முன்னறையில் யோசேப்பு அப்பு பேசி முடித்து எழும்ப, அடுத்தவர் கதிரையை இழுத்துக்கொண்டிருந்தார். அந்த இடைவெளியில் ஜெனிற்றாவின் விரல் மவுசில் ஒரு சொடுக்குச் சொடுக்கியது. லைன் போய்விட்டது. பிறகு அவள் தெருப்பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள்.

"இஞ்சேருங்கோ!"

"நான் இஞ்சதான் நிக்கிறன்," என்றார் சாந்தரூபன், அவளுக்குப் பின்னால்.

அவள் திடுக்கிடவில்லை. திரும்ப ஒரு சொடுக்கு. லைன் வந்தது. வாங்கிலிருந்தவர்கள் வழக்கம்போல அவருடைய கைராசியைப் புகழ்ந்தார்கள்.

எல்லாரும் போனபின் கேட்டார். ஜெனிற்றா ஒளிக்கவில்லை. முகாமில் ஒரு வருசம் கொம்பியூட்டர் படித்து, பிறகு அங்கேயே பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்தவளாம். ஒரே லைனை முகாமிலிருந்த எல்லாக் கொம்பியூட்டருக்கும் பகிர்ந்து கொடுத்ததும் அவள்தானாம். கலியாணம் முடித்து இத்தனை காலத்தில் என்ன படித்தாய் என்று சாந்தரூபன் ஒருதரமும் கேட்டதில்லை.

"அப்ப அண்டைக்கே நீர் இதைச் செய்திருக்கலாமே. என்னத்துக்கு என்னைப் போட்டு வேர்க்க விட்டனீர்?"

ஜெனிற்றா அவருக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்:

"நான் செய்திருந்தா, லைன் போனா என்னையெல்லே தேடுவினம். நீங்கள் மட்ச் பார்க்கப் போயிருப்பியள்."