சகலைக்கு ஒரு கேபின்

"இந்தத் தடவை கப்பலையும் நான்தான் தேர்ந்தெடுப்பேன், கேபினையும் நான்தான் தேர்ந்தெடுப்பேன். யாரும் தலையிடக் கூடாது!"

சாப்பாட்டு மேசையைத் தட்டி இப்படிப் பிரகடனம் செய்தார் வரைபடக்காரர். தட்டிய வேகத்தில் தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது. அவர் மனைவி எழுந்து போய் ஒரு துணியை எடுத்து வந்து, மேசையைத் துடைத்துவிட்டு, "சரிங்க" என்றாள்.

அவ்வளவுதான். வெறும் "சரிங்க". கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் சொன்ன எதற்கும் அவள் ஒரே வார்த்தையில் சம்மதித்ததில்லை. அப்போதே மனிதர் உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் அவருக்கு ஜெயித்துப் பழக்கமில்லை. அதனால் ஜெயித்தவுடன் தலைகால் புரியவில்லை.

ஒரு கட்டட நிறுவனத்தில் வீடுகளுக்கும் கடைகளுக்கும் வரைபடம் போடுவது அவர் வேலை. எந்தச் சுவருக்குப் பின்னால் எந்தக் குழாய் ஓடுகிறது, யாருடைய படுக்கையறைக்கு மேலே யாருடைய குளியலறை வருகிறது என்பதையெல்லாம் தாளைப் பார்த்தே சொல்லிவிடுவார். சொந்த வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பது மட்டும் யாராவது சொன்னால்தான் தெரியும்.

போன வருஷம் போன முதல் உல்லாசக் கப்பல் பயணத்தில் எல்லாமே மனைவியின் ஏற்பாடு. கப்பல் நன்றாக இருந்தது, கடல் நன்றாக இருந்தது, சாப்பாடும் பரவாயில்லை. ஒரே ஒரு குறைதான். பக்கத்துக் கேபினில் மனைவியின் அக்காவும், அவளுடைய கணவரும் இருந்தார்கள்.

அந்த அக்கா தங்கமான மனுஷி. சகலைதான் பிரச்சினை. அவர் காலமெல்லாம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். ஸ்கூலை மூடி ஓய்வு பெற்றுவிட்டார். ஆனால் வாய் ஓய்வு பெறவில்லை. காலை உணவு எடுக்க வரிசையில் நின்றால் காதோரம் குரல் வரும்.

"நிதானம் சகலை, நிதானம். முதல்ல பின்னாடி யாராவது வர்றாங்களான்னு பாருங்க. பாத்தாச்சா? இப்போ மெதுவா கையை நீட்டுங்க. ஆம்லெட்டை எடுங்க. அவசரமே படக் கூடாது."

லிஃப்ட் கீழே இறங்கும்போது வலது காலால் தரையை ஓங்கி மிதிப்பார். பிரேக் போடுகிறாராம். கப்பல் துறைமுகத்தில் பின்னோக்கி நகர்ந்தபோது மேல்தளத்தில் நின்றுகொண்டு, கேப்டனுக்குக் கேட்கட்டும் என்று, "ஒடி, ஒடி, இன்னும் ஒடி!" என்று ஸ்டியரிங்கைத் திருப்புவதுபோல் கை காட்டினார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். வரைபடக்காரர் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருக்கலாம். இரண்டு கேபினுக்கும் நடுவில் ஒரு கதவு இருந்தது. அதுதான் அவரைக் கொன்றது. பகல் தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்தில் அந்தக் கதவு திறக்கும். உள்ளே ஒரு தலை நீளும்.

"சகலை, தூங்கறீங்களா?"

"ஆமா."

"சரி சரி, தூங்குங்க. தூங்கறீங்களான்னுதான் கேக்க வந்தேன்."

கொடுமை என்னவென்றால், சகலைக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். உலகத்திலேயே மிச்சமிருக்கும் ஒரே மாணவன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. கெட்டவர் என்றால் சண்டை போட்டுவிடலாம். அன்பாக வந்து கழுத்தை அறுப்பவரை என்ன செய்வது?

ஆகவே இரண்டாவது பயணத்தில் வரைபடக்காரருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். சகலை கண்ணில் படாத ஒரு வாரம். ஒரு பால்கனி, ஒரு நாற்காலி, எதிரே கடல், காதுக்குள் நிம்மதி.

முதலில் நேர்வழியில் முயன்று பார்த்தார்.

"உங்க அக்கா வர்றாங்களா?"

"வராம?"

"தனியா வரச் சொல்லேன். அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் ஜாலியா இருக்கலாமே."

"அக்கா தனியா வந்துட்டா அத்தான் வீட்ல என்னங்க பண்ணுவாரு?"

"ஓய்வெடுக்கட்டும். பாவம், பேசிப் பேசி களைச்சிருப்பாரு."

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவர் அகராதியில் ஒரே அர்த்தம்தான், பேச்சு முடிந்தது.

சரி, வரட்டும் என்று முடிவு செய்தார். வருகிறவரை எங்கே வைப்பது என்பது நம் கையில்தானே இருக்கிறது? தொழில் அறிவு கைகொடுத்தது. போன தடவை போனது சின்னக் கப்பல். எந்தப் பக்கம் திரும்பினாலும் சகலைமேல்தான் மோத வேண்டியிருந்தது. அப்படியென்றால் இந்தத் தடவை பெரிய கப்பலாகப் பார்க்க வேண்டும். இருப்பதிலேயே பெரியதாக, ஒரு தெரு நீளத்துக்கு இருக்க வேண்டும்.

பயண அலுவலகத்திலிருந்து மூன்று கப்பல்களின் தள வரைபடங்களை வாங்கி வந்தார். ஜன்னல் கண்ணாடியில் ஒரு தளத்தை ஒட்டி, அதன்மேல் டிரேசிங் தாளில் அடுத்த தளத்தை ஒட்டி, எந்தக் கேபினுக்கு மேலே என்ன, கீழே என்ன என்று வண்ணப் பென்சிலால் தீட்டினார். வீட்டுக்குள் வெளிச்சமே வரவில்லை. மனைவி பகலிலேயே விளக்குப் போட்டுக்கொண்டு காய் நறுக்கினாள்.

"இது என்னங்க, சிவப்பா?"

"அது ஆபத்து. மேல நீச்சல் குளம். விடியறதுக்குள்ள நாற்காலியை இழுக்க ஆரம்பிச்சுடுவான்."

"இந்த மஞ்சள்?"

"கீழ நாடக அரங்கம். டமால் டுமீல்னு இருக்கும்."

"பச்சை?"

"அதுதான் நம்ம கேபின்." அவர் குரல் குழைந்தது. "கப்பலோட வால் பக்கம். மேலயும் கேபின், கீழயும் கேபின். இந்தப் பக்கம் துணி வைக்கிற அறை, அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லை, கடல்தான். மூலை பால்கனி. யாரும் கதவைத் திறந்து தலையை நீட்ட முடியாது."

மனைவி தாளை உற்றுப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. பால்கனியில ரெண்டு நாற்காலி போடலாமா?"

"தாராளமா."

"அக்காவுக்கு?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவர் காத்திருந்தார். பென்சில் சொர்க்கத்திலிருந்து புறப்பட்டு, கப்பலின் முழு நீளத்தையும் கடந்து, பல தளங்கள் கீழே இறங்கி, மூக்கு நுனியில் ஒரு சின்னக் கட்டத்தில் போய் நின்றது.

"இங்க."

"ஜன்னலே இல்லையேங்க."

"ஜன்னல் எதுக்கு? வெயில் வரும், கண்ணு கூசும். இருட்டா இருந்தாத்தான் நல்லா தூக்கம் வரும்."

"பக்கத்துல என்னமோ போட்டிருக்கே?"

"நங்கூரச் சங்கிலி. ஊர் வந்துச்சுன்னா கடகடன்னு இறங்கும். உங்க அத்தானுக்குத்தான் முதல்ல தெரியும். கேப்டனுக்கே அப்புறம்தான்."

"அலை அடிச்சா ஆடாதா?"

"ஆடும்தான். தொட்டில் ஆட்டற மாதிரி. அவருக்கு வண்டி ஓட்டற மாதிரியே இருக்கும்மா, சந்தோஷப்படுவாரு."

மனைவி மூக்கிலிருந்து வால் வரை விரலால் அளந்தாள். "நான் அக்காவைப் பாக்கணும்னா இவ்வளவு தூரம் நடக்கணுமே?"

"நட. உடம்புக்கு நல்லது."

"முட்டி வலிக்குதுங்க."

"முட்டி வலிக்கு நடைதான் மருந்து."

அவள் அந்தப் பச்சைக் கட்டத்தை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு சொன்னாள், "சரிங்க."

இரண்டாவது "சரிங்க". அப்போதும் மனிதருக்கு உறைக்கவில்லை. பென்சிலைச் சீவிக்கொண்டே விசிலடித்தார்.

சகலைக்கு அவரே போன் செய்து விஷயத்தைச் சொன்னார். வாதம் வரும், மறுப்பு வரும் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தார். எதுவும் தேவைப்படவில்லை.

"நீங்க பாத்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும் சகலை. எனக்காக உக்காந்து இவ்வளவு பாத்திருக்கீங்களே! கூடப் பிறந்த தம்பியா இருந்தாக்கூட இப்படிச் செய்வானான்னு தெரியலை."

போனை வைத்தபின் வரைபடக்காரருக்கு நெஞ்சில் எங்கேயோ சுருக்கென்றது. நிஜமாகவே வெட்கமாக இருந்தது. பாவம், நல்ல மனுஷன், அவரைப் போய் நங்கூரத்துக்குப் பக்கத்தில் போட்டுவிட்டோமே என்று நினைத்தார். அப்போது மறுபடி போன் அடித்தது.

"சகலை, சொல்ல மறந்துட்டேன். போனை வெக்கும்போது இவ்வளவு வேகமா வெக்கக் கூடாது."

சுருக்கென்றது உடனே சரியாகிவிட்டது.

மறுநாள் மனைவியைக் கூட்டிக்கொண்டு பயண அலுவலகத்துக்குப் போனார். மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு பெண். கேபின் எண்களைக் கணினியில் தட்டியவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சார், வால் பக்கம் இருக்கறது அருமையான கேபின். ஆனா இந்த மூக்குக் கேபினை யாரும் கேட்டு வாங்க மாட்டாங்க. வேற எதுவும் இல்லைன்னாத்தான் எடுப்பாங்க."

"நாங்க கேட்டு வாங்கறோம்."

"காலையில சத்தம் வரும் சார்."

"அவரு சீக்கிரம் எழுந்திரிக்கறவரு."

"இதே தளத்துல நடுவுல நல்லதா ஒண்ணு இருக்கு, விலையும் ஒண்ணுதான்..."

"அம்மா," என்றார் வரைபடக்காரர், பொறுமை போய், "நான் வரைபடம் போடறவன். எனக்குத் தெரியாதா? மூக்குதான் வேணும். இன்னொரு விஷயம். கப்பல்ல ஏறினதுக்கு அப்புறம் யாராவது வந்து கெஞ்சினாலும், அழுதாலும், கேபினை மாத்தக் கூடாது, பேரை மாத்தக் கூடாது. அப்படி ஒரு டிக்கெட் இருக்கா?"

"இருக்கு சார். அதுல எதையுமே மாத்த முடியாது. ஆனா..."

"அதையே போடுங்க."

அந்தப் பெண் அவர் மனைவியைப் பார்த்தாள். மனைவி அந்தப் பெண்ணைப் பார்த்தாள்.

"ஏங்க," என்றாள் மனைவி, "வெளிய வண்டியைக் குறுக்க நிறுத்திட்டு வந்திருக்கீங்க. யாரோ ஹாரன் அடிக்கறாங்க பாருங்க. நீங்க போய் எடுங்க. நாலு பேரோட பாஸ்போர்ட்டையும் குடுத்துட்டு நான் வந்துடறேன்."

அவர் சந்தோஷமாக எழுந்து போனார். பேரை எழுதுவதில் என்ன இருக்கிறது? மூளை வேலையெல்லாம் முடிந்துவிட்டதே.

கப்பல் ஏறும் நாள் வந்தது. கரையில் நின்று அண்ணாந்து பார்த்தபோது அவர் கழுத்து வலித்தது. அப்படியொரு கப்பல். இந்தக் கோடியில் நின்று கத்தினால் அந்தக் கோடியில் கேட்காது. கண்ணில் நீர் வந்துவிட்டது அவருக்கு. உள்ளே பளபளவென்று ஒரு கூடம். சகலை பெட்டியை இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் கையை நீட்டி சிக்னல் காட்டியபடி வந்தார்.

"சகலை! பிரமாதமான செலக்‌ஷன்!"

"எல்லாம் உங்களுக்காகத்தான்" என்றார் வரைபடக்காரர். பொய் இல்லையே.

மனைவி போய் கேபின் அட்டைகளை வாங்கி வந்தாள். இரண்டை அக்காவும் தங்கையும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டை சகலையின் கையில் கொடுத்தாள். பெண்கள் இருவரும் பின்பக்கத்து லிஃப்டை நோக்கி நடந்தார்கள். வரைபடக்காரரும் பெட்டியை உருட்டிக்கொண்டு கூடவே போனார்.

லிஃப்ட் கதவு திறந்தது. பெண்கள் ஏறினார்கள். மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க எங்கங்க வர்றீங்க?"

"கேபினுக்கு."

"உங்க லிஃப்ட் அந்தப் பக்கம். மூக்குப் பக்கம்."

வரைபடக்காரர் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"என்ன விளையாட்டு இது?"

"விளையாட்டு இல்லீங்க. வால் கேபின் அக்கா பேர்லயும் என் பேர்லயும் இருக்கு. மூக்கு கேபின் உங்க பேர்லயும் அத்தான் பேர்லயும் இருக்கு."

"ஏன்?" என்று கேட்டு, பெட்டியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார்.

"போன தடவை முழுக்க உங்க புலம்பலை நான் கேட்டேன், அத்தானோட பாடத்தை அக்கா கேட்டா. கடல் எப்படிச் சத்தம் போடும்னு எங்க ரெண்டு பேருக்குமே தெரியாதுங்க. நீங்களே எவ்வளவு கஷ்டப்பட்டு நல்ல இடமா, யாரும் வந்து தொந்தரவு பண்ண முடியாத இடமா கண்டுபிடிச்சீங்க. வீணாக்கலாமா?"

"மாத்து! இப்பவே போய் மாத்து! நான் போய்ப் பேசறேன்..." என்று திரும்பியவர், பாதியில் நின்றார். அந்த டிக்கெட்டைக் கேட்டு வாங்கியது யார் என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. கெஞ்சினாலும் முடியாது. அழுதாலும் முடியாது.

தோளில் ஒரு கை விழுந்தது. சகலையின் முகம் மலர்ந்திருந்தது. "எனக்கே நேத்துதான் தெரியும் சகலை. உங்களுக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு சொல்லாம இருந்தேன். ஒரு வாரம்! நாம ரெண்டு பேரும்! பெட்டியை ஏன் அப்படி இறுக்கிப் பிடிக்கறீங்க? லூசா விடுங்க."

லிஃப்டின் கதவு மூடத் தொடங்கியது. மனைவி சட்டென்று கையை நீட்டி அதைத் தடுத்தாள். மனம் இரங்கிவிட்டாளோ என்று வரைபடக்காரர் ஓரடி முன்னால் வைத்தார்.

"மறந்தே போயிட்டேங்க, அந்த ரூம்ல ஒரே கட்டில்தானாம். நீங்க சுவர்ப் பக்கமா படுத்துக்கங்க, அத்தான் ராத்திரியில அடிக்கடி எழுந்திரிப்பாரு."