கரைந்துபோன தாம்பூலப் பை

சுற்றுச்சூழலைக் காப்பாற்றக் கிளம்புகிறவர்கள் அதை மாமனார் வீட்டுக் கல்யாணத்தில் தொடங்கக் கூடாது. இரண்டு நாள் தாமதமானால் சுற்றுச்சூழல் கோபித்துக்கொள்ளாது. மாமனார் அப்படியில்லை.

கள்ளக்குறிச்சியில் என் மச்சானுக்குக் கல்யாணம். அந்த வீட்டுக்கு நான் மாப்பிள்ளையாகி வருடங்கள் ஆகியும் என்னை நம்பி மாமனார் ஒரு வேலையும் ஒப்படைத்ததில்லை. முதல்முறையாக, "தாம்பூலப் பைய மட்டும் நீங்க பாத்துக்குங்க மாப்ள" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இதில் பெயர் வாங்கினால் அடுத்த விசேஷத்தில் பந்தியையே நம்பிக் கொடுப்பார் என்று கனவு கண்டேன்.

அப்போது நான் பிளாஸ்டிக்கை ஒழித்துக்கொண்டிருந்த காலம். (பல் துலக்கும் பிரஷ்கூட மூங்கில். வாயெல்லாம் சிராய்.) தேடிப் பிடித்து, மரவள்ளிக் கிழங்கு மாவில் செய்த பைகளை வாங்கி வந்தேன். அத்தையின் அடுப்பில் வெந்நீர் வைத்து, ஒரு பையைக் கரைத்து, அதைக் குடித்தும் காட்டினேன்.

மாமனார் டம்ளரை எட்டிப் பார்த்தார். "இன்னா மாப்ள, பை கரையுது? தேங்கா எப்புடி நிக்கும்?"

"வெந்நீர்லதான் மாமா கரையும். தேங்கா இன்னா கொதிக்கவா போவுது?"

துணிப்பையே போதும் என்ற என் மனைவி செல்வியை, பருத்திக்கு ஆகும் தண்ணீரைப் பற்றி ஒரு சொற்பொழிவாற்றி அடக்கினேன்.

முகூர்த்தத்தன்று விடியற்காலையில் தேங்காய்களைக் கழுவி, மஞ்சள் பூசி, ஈரத்தோடு பையில் போட்டாயிற்று. வெற்றிலை வாடக் கூடாதென்று மேலே தண்ணீர் தெளிக்கச் சொன்னவனும் அடியேன்தான்.

சாப்பாடு முடிந்ததும் மண்டப வாசலில் நின்று கொடுக்க ஆரம்பித்தேன். பெண்ணின் அப்பா, எங்கள் புதுச் சம்பந்தி, வந்தார். கல்வராயன் மலையடிவாரத்தில் மரவள்ளி போடுகிறவர். பையைத் தடவிப் பார்த்தார்.

"நம்ம கெழங்குலியா செஞ்சிக்கிறாங்க? பரவால்லியே!"

பெருமையோடு மாமனார் பக்கம் திரும்பினேன். தொப்பென்று ஒரு சத்தம். தேங்காய் சம்பந்தியின் கால் கட்டைவிரலில் இறங்கியிருந்தது.

"ஐயோ, என் காலு!"

அடுத்த நிமிடம் படிக்கட்டெங்கும் தேங்காய் உருண்டது. உறவினர்கள் பையின் காதை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எங்கிருந்தோ வந்த ஒரு மாடு மிச்சப் பைகளைத் தின்றது.

"பாருங்க மாமா, மாடு தின்னாகூட ஒண்ணும் ஆவாது" என்றேன். (யாராவது அப்போது ஒரு தேங்காயால் என் வாயை அடைத்திருக்கலாம்.)

மாமனார் குனிந்து சம்பந்தியின் கால்விரலைத் தேய்த்துவிட ஆரம்பித்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவமானத்தில் அழுகையே வந்துவிட்டது. தேங்காய் பொறுக்குவதுபோலக் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பந்தி வேலை இன்றுவரை என்னிடம் வரவில்லை. இப்போது எங்கே போனாலும் துணிப்பையோடுதான் போகிறேன். ஆனாலும் அந்த வீட்டுக்குள் நான் எதையாவது தூக்கிக்கொண்டு நுழைந்தால், உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் சொல்லிவைத்தாற்போலக் காலை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். முதல் ஆள் சம்பந்தி.

போன பொங்கலுக்கு என் மகளும் தூக்கினாள். கல்யாணம் நடந்தபோது அவள் பிறந்திருக்கவே இல்லை.