ஒரோசியாவோடு பறந்தவர்கள்

பூமியில் இதுவரை தோன்றிய நீதிமன்றங்களிலேயே கருணை மிகுந்தது, சாந்தா ஒரியா துறைமுகத்தில் இருந்த எங்கள் சூனிய விசாரணை மன்றம்தான். விசாரிக்காமல் நாங்கள் யாரையும் தண்டித்ததில்லை. விசாரித்தபின் யாரையும் விட்டதுமில்லை. பத்தொன்பது ஆண்டுகள் அங்கே எழுத்தராக இருந்த பெருமையோடு இதைச் சொல்கிறேன்.

ஒரோசியா, முத்துக்குளிப்பு முதலாளி தோன் பெல்த்ரான் வீட்டில் சமையல் செய்த அடிமை. கினியாக் கரையிலிருந்து கப்பலில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டவள். எஜமானிக்குக் காய்ச்சல் முற்றியபோது ஏதோ இலைக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். எஜமானி பிழைத்துவிட்டாள். வைத்தியரே கைவிட்ட காய்ச்சல் இறங்கினால், அது பிசாசின் வேலையாகத்தானே இருக்கும்? புகார் கொடுத்தவர் வைத்தியர். சாட்சி சொன்னவள், பிழைத்த எஜமானி.

விசாரித்தவர் பாதிரியார் தோன் கஸ்பார்.

"நீ சூனியக்காரியா?"

"இல்ல சாமி."

"'பிடிவாதம்'னு எழுதிக்கய்யா" என்றார் என்னிடம்.

கைகளில் கயிறு கட்டி மூன்று சுற்று முறுக்கினார்கள். மூன்றாவது சுற்றில் அவள் ஆமாம் என்றாள். 'தானாக முன்வந்து ஒப்புக்கொண்டாள்' என்று நான் எழுதினேன்.

"பிசாசோட தனியாவா பறந்த? கூட வந்தது யாரு? உன் மக தொமாசாவும் வந்தாளாமே. எஜமானியம்மா சொல்றாங்க."

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"அவளா? நாலு படி ஏறவே அழுவா சாமி, அந்தச் சோம்பேறிய யாரு சேத்துக்குவா? நெசமாப் பறந்தவங்க பேரச் சொல்றேன், எழுதிக்கச் சொல்லுங்க."

பெத்ரோனா, கிதேரியா, சிமோனா என்று ஒன்பது பெயர்களை மூச்சுவிடாமல் சொன்னாள். தோன் கஸ்பாருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். தொமாசாவின் பெயரை அடித்துவிடவும் சொன்னார்.

ஒன்பது பிடியாணைகளோடு காவலர் கிளம்பினார். ஒரு வாரம் கழித்து ஒன்பதையும் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார். குற்றவாளியைக் கொண்டுவர முடியாவிட்டால் காரணத்தை எழுத வேண்டும் என்பது மன்றத்தின் விதி. காவலரோ கடமை தவறாதவர். 'பெத்ரோனா: காதில் ரத்தம் வந்தபின்னும் தோன் பெல்த்ரான் கடலுக்குள் இறக்கினார், மேலே வரவில்லை. கிதேரியா: வைத்தியர் வீட்டில் தட்டை உடைத்தாள்; கசையடியில் இறந்தாள். சிமோனா: நிறைமாதத்தில் உப்பு மூட்டை சுமந்தாள்...' ஒன்பது பேருமே செத்துப்போனவர்கள்.

"செத்தவளுங்க பேரச் சொல்லி யாரடி ஏமாத்துற?" என்று தோன் கஸ்பார் மேசையைத் தட்டினார்.

"நீங்கதான சாமி என்னப் புடிக்கறதுக்கு முந்தின ஞாயித்துக்கெழம பிரசங்கத்துல சொன்னீங்க, சூனியக்காரி செத்தாலும் பிசாசோட பறந்துக்கிட்டே இருப்பான்னு? அது தப்புங்களா சாமி?"

பிரசங்கம் தப்பாக இருக்க முடியாது. எனவே ஒன்பது பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது.

செத்த குற்றவாளிகளுக்குப் பதிலாகச் சதுக்கத்தில் ஒன்பது வைக்கோல் பொம்மைகளை நிறுத்தினோம். விதிப்படி தீர்ப்போடு காவலரின் அறிக்கையும் வாசிக்கப்பட்டது: யார் வீட்டில், யார் கையால், எப்படி. ஒவ்வொரு பெயருக்கும் பின்வரிசையில் நின்ற அடிமைகளில் யாரோ ஒருவர் தொப்பியைக் கழற்றினார். யாரோ ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பெண்களுக்குக் கல்லறையும் இல்லை. அன்றுவரை அவர்கள் பெயரை ஊரில் யாரும் உரக்கச் சொன்னதும் இல்லை.

"பாத்தியா, எப்படி நடுங்குறாங்க!" என்று தோன் கஸ்பார் பூரித்தார்.

ஒரோசியாவுக்கு நூறு கசையடி. பிறகு ஆயுள் முழுக்க ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குக் கஷாயம் வைக்கும் தண்டனை. அவள் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. எஜமானிக்குக் குடை பிடித்துக்கொண்டு உயிரோடு நின்ற தொமாசாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று வாசிக்கப்பட்டது ஒரு கொலைப் பட்டியல். கொன்றவர்கள் அத்தனை பேரும் முன்வரிசையில் பட்டு மெத்தையில் உட்கார்ந்து கேட்டார்கள், கைதட்டினார்கள். என் கையெழுத்து வெகு தெளிவு என்று தோன் பெல்த்ரான் பாராட்டினார். நான் குனிந்து வணங்கி நன்றி சொன்னேன்.