இப்னு பதூதாவுக்கு ஓர் ஒத்திகை

ஒத்திகைக்காரர்கள் என்றொரு இனம் உண்டு. தும்மல் வருகிறது என்றால்கூடத் தனியாக ஒருமுறை தும்மிப் பார்த்துவிட்டுத்தான் நாலு பேர் முன்னால் தும்முவார்கள். நம் ஒன்றாம் வகுப்பு டீச்சர் அந்த இனத்தில் தங்கப்பதக்கம்.

அவளைக் குறை சொல்வானேன்? வீட்டில் அவளுக்கு முன் யாரும் கல்லூரிப் படி ஏறியதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லாமல், எல்லாவற்றையும் ஒத்திகை பார்த்தே தேறியவள். இப்போது தலைமையாசிரியை வகுப்பில் உட்கார்ந்து பார்த்துத் தலையசைத்தால்தான் வேலை நிரந்தரம். பாடமோ, வாலிப வயதில் தன்னந்தனியாகக் கிளம்பி, பாலைவனம், கடல், மலை என்று கண்ணில் பட்ட திசையெல்லாம் சுற்றிய இப்னு பதூதா. அவரைச் சொல்லிக்கொடுக்க அவள் முதலில் என்ன செய்தாள் தெரியுமா? யாரும் பெஞ்சை விட்டு அசையக் கூடாது என்றாள். பிறகு யார் சந்தேகம் கேட்பது, யார் வியப்பது, எங்கே வகுப்பே சிரிப்பது என்று பங்கு பிரித்தாள்.

"ஒட்டகம்னதும் நீ ஆச்சரியப்படணும். எங்க, காட்டு."

குழந்தை வாயைத் திறந்தது.

"பல் டாக்டர்கிட்ட காட்டற மாதிரி இல்லம்மா. நிஜமா."

"டீச்சர், அவருக்கு வீட்டு ஞாபகம் வரலியா?" முன் பெஞ்சு வாலு கேட்டாள். அது பங்கில் இல்லாத கேள்வி.

"வந்துச்சு. துனிஸ்னு ஒரு ஊர்ல, வழியில கூடச் சேர்ந்து வந்தவங்களை எல்லாம் 'வாங்க வாங்க'ன்னு கூப்பிட ஆள் இருந்தாங்க. இவரை யாரும் கூப்பிடல. அழுதுட்டார். அப்புறம் ஒருத்தர் பார்த்து, வந்து பேசினார். சரி, நாளைக்கு அது வேண்டாம். ஒட்டகத்துக்கு வாங்க."

மறுநாள் தலைமையாசிரியை வந்து கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்தார். டீச்சர் "ஒட்டகம்" என்றாள். யாரும் வியக்கவில்லை. கொஞ்சம் உரக்க, மறுபடியும் ஒட்டகம். வகுப்பே திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வாலு எழுந்தாள். "டீச்சர், அவங்களை யாருமே வாங்கன்னு சொல்லல. அழுதுடப் போறாங்க."

அவ்வளவுதான். வகுப்பு மொத்தமும் பெஞ்சுகளைத் தாண்டிப் பாய்ந்தது. "வாங்க, வாங்க!" ஒருவன் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். ஒருத்தி மடியிலேயே ஏறிக்கொண்டாள். டீச்சருக்கு வேலை கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது.

தலைமையாசிரியை தண்ணீரைக் குடித்தார். "நான் உள்ள வந்தா எல்லாரும் எந்திரிச்சு நிப்பாங்க, டீச்சர். வாங்கன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்ல" என்றார். தலை அசைந்தது.

வேலை நிரந்தரம். டீச்சர் பாடம் கற்றாளா? கற்றாளே. அடுத்த வாரம் கல்வி அதிகாரி வருகிறார்.

"நீ பாட்டில். நீ மடி. யாரும் சொல்லாம தானா ஓடி வர்ற மாதிரியே ஓடி வரணும், புரியுதா?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சாயங்காலம் உங்கள் வீட்டுக்கு விருந்தாளி வரும்போது, விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளையைத் தோளைப் பிடித்து நிறுத்தி, "அத்தைக்கு என்ன சொல்லணும்?" என்று கேட்பது யாருடைய குரல் என்று மட்டும் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்.